முழங்கால் வலி 15 வயதில், தொடைக் கட்டி 65 வயதில்... சர்கோமா புற்றுநோய்க்கும் வயதுக்கும் என்ன தொடர்பு?

கடலூர், சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளி மாணவன் 'முட்டி வலிக்குது' என்று சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "கபடி ஆடினியா? வண்டியில எங்கயாவது விழுந்தியா?" என்பதுதான். அதே வீட்டில் தாத்தா தொடையில் கட்டி இருப்பதாகச் சொன்னால், "அது வெறும் கொழுப்புக் கட்டி, ரொம்ப நாளா இருக்கு" என்று பதில் வரும். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே சரி. முட்டி வலி அடிபட்ட வலியாகத்தான் இருக்கும், கட்டி கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும்.

மிக அரிதாக அப்படி இருப்பதில்லை. அந்த அரிதான நேரத்தில் மாணவனின் முழங்காலிலும் தாத்தாவின் தொடையிலும் இருப்பது ஒரே பெயர் கொண்ட நோயாக இருக்கலாம். அதுதான் சர்கோமா.

மற்ற புற்றுநோய்கள் பெரும்பாலும் 'வயதானவர்களுக்கு வருவது' என்ற வரிசையில் நிற்கும். சர்கோமா அப்படி இல்லை. அதில் ஒரு வகை 5 வயதில் வரும், இன்னொன்று 15-ல், வேறொன்று 30-ல், மற்றொன்று 70-ல். ஏன் இப்படி? எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும்? கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் எங்கே போகலாம்? பார்ப்போம்.

சர்கோமா என்றால் என்ன?

நாம் அதிகம் கேள்விப்படும் வாய், மார்பகம், வயிறு, குடல், கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உறுப்புகளின் மேல்படலத்தில் தொடங்குபவை. மருத்துவர்கள் இவற்றை 'கார்சினோமா' என்பார்கள்.

உடலைத் தாங்கிப் பிடிக்கும், இணைக்கும் திசுக்களில் தொடங்குவது சர்கோமா. எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்பு, ரத்தக் குழாய், நரம்பைச் சுற்றியுள்ள உறை என எங்கு வேண்டுமானாலும் வரலாம். எலும்பில் வந்தால் எலும்பு சர்கோமா, மற்றவை மென்திசு சர்கோமா. உள்பிரிவுகள் மட்டும் 70-க்கும் மேல்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சர்கோமாவின் பங்கு சுமார் 1 சதவீதம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களிலோ 10-ல் ஒன்றுக்கும் மேல்.

இங்கே ஒரு குழப்பம் வரும். "அப்படின்னா குழந்தைகளுக்குத்தான் சர்கோமா அதிகமா வருதா?" இல்லை. குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவதே மிகக் குறைவு. அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் சர்கோமாவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால், மென்திசு சர்கோமா அதிகம் வருவது 60, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு. எலும்பு சர்கோமாவில்தான் கணக்கு மாறுகிறது. அது டீன் ஏஜில் ஒரு முறை உயர்ந்து, பிறகு இறங்கி, முதுமையில் மீண்டும் கொஞ்சம் உயர்கிறது.

எந்த வயதில் எந்த வகை?

• 10 வயதுக்குள்: தசை செல்களைப் போன்ற செல்களில் உருவாகும் ராப்டோமயோசர்கோமா. கண்ணைச் சுற்றி, தலை, கழுத்து, சிறுநீர்ப்பை பகுதிகளில் அதிகம் வரும். குழந்தைகளின் மென்திசு சர்கோமாக்களில் இதுதான் முதலிடம்.

• 10 முதல் 20 வரை: எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா, யூயிங் சர்கோமா. ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் முழங்காலுக்கு மேலும் கீழும், அடுத்ததாகத் தோள்பட்டைக்கு அருகிலும் வரும். யூயிங் சர்கோமா இடுப்பெலும்பு, விலா எலும்பு, கால் எலும்புகளில் வரலாம்.

• 15 முதல் 40 வரை: சைனோவியல் சர்கோமா. கை, கால் மூட்டுகளுக்கு அருகில், மெதுவாக வளரும். பல மாதங்கள், சில நேரம் வருடங்கள்கூட சின்னக் கட்டியாகவே இருப்பதால் 'சாதாரண நீர்க்கட்டி' என்று நினைத்து விட்டுவிடுவது உண்டு.

• 40-க்கு மேல்: குருத்தெலும்பில் வரும் காண்ட்ரோசர்கோமா.

• 50-க்கு மேல்: கொழுப்புத் திசுவில் வரும் லிப்போசர்கோமா, கருப்பையிலும் வயிற்றின் பின்பகுதியிலும் வரும் லியோமயோசர்கோமா, இரைப்பை, குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' கட்டி.

• 60, 70-க்கு மேல்: தொடை போன்ற பெரிய தசைகளில் வேகமாக வளரும் வகைகள். முதியவர்களின் தலைத்தோலில் ரத்தக் கட்டு போலத் தெரியும் ஆஞ்சியோசர்கோமாவும் இந்த வயதில்தான்.

இந்த எல்லைகள் கோடு போட்டது போல இருக்காது. 45 வயதில் ஆஸ்டியோசர்கோமாவும் வரலாம், 25 வயதில் லிப்போசர்கோமாவும் வரலாம். ஆனால் ஒரு நோயாளியின் வயதும் கட்டி இருக்கும் இடமும் தெரிந்தாலே, எந்த வகையை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள மருத்துவருக்குப் பாதி புரிந்துவிடும்.

டீன் ஏஜில் ஏன் எலும்பு?

காரணம் வளர்ச்சி. 11, 12 வயதில் தொடங்கி சில வருடங்களுக்குப் பிள்ளைகள் 'சட்டுனு வளந்துட்டான்' என்று சொல்லும் அளவுக்கு உயர்கிறார்கள். அந்த வளர்ச்சி நடப்பது நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளில். அதிலும் தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, அதாவது முழங்காலைச் சுற்றியுள்ள பகுதிதான் அதிக வேகத்தில் வளர்கிறது.

செல்கள் வேகமாகப் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுப்பதில் பிழை நடக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆஸ்டியோசர்கோமா அதிகம் வருவது அதே இடத்தில், அதே வயதில். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்கு முன்பே பருவமடைந்து உயர்வதால், அவர்களிடம் இந்த நோய் உச்சம் தொடுவதும் கொஞ்சம் முன்பே. நாய்களிலும் இதையே பார்க்கலாம். ஆஸ்டியோசர்கோமா சிறிய இன நாய்களைவிட கிரேட் டேன் போன்ற பெரிய இன நாய்களுக்கே அதிகம் வருகிறது.

உயரமாக வளர்வது நோய் என்று இதற்கு அர்த்தமில்லை. வளரும் கோடிக்கணக்கான பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் இது வருகிறது. வேகமான வளர்ச்சி ஒரு சந்தர்ப்பத்தைத் தருகிறது. யாருக்கு வரும் என்பதை அது மட்டும் முடிவு செய்வதில்லை.

யூயிங் சர்கோமாவின் கதை வேறு. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, தவறான இடத்தில் ஒட்டிக்கொள்வதால் ஒரு புதிய மரபணு உருவாகிறது. அந்த ஒரு தவறே செல்லின் போக்கை மாற்றப் போதுமானது. சைனோவியல் சர்கோமாவிலும் இப்படி ஒரு இடமாற்றம்தான் காரணம். பல வருடங்களாகச் சேதம் சேரவேண்டிய அவசியம் இல்லாததால்தான், புகை, மது எதுவும் தொடாத சின்ன வயதினருக்கும் இவை வருகின்றன. 'நான் என்ன தப்பு செஞ்சேன்?' என்று நோயாளியும் 'நாங்க எங்க கோட்டை விட்டோம்?' என்று பெற்றோரும் கேட்பது இயல்பு. இந்த வகைகளில் அந்தக் கேள்விக்கு மருத்துவம் சொல்லும் பதில்: யாரும் எதுவும் செய்யவில்லை.

அடிபட்டதால் வருமா?

வராது. ஆனால் இந்த நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1976-ல் அவர் ஒரு கார் விபத்தில் சிக்கினார். பிறகு வலது முழங்காலில் வலி. கூடைப்பந்து சீசன் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977-ல் அது ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்தபோது அவருக்கு வயது 18. கால் அகற்றப்பட்டது. விபத்தால்தான் முழங்கால் பலவீனமாகி நோய் வந்தது என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் அப்படி ஒரு தொடர்பு இல்லை என்றனர்.

1980-ல் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பி, 143 நாட்களில் 5,373 கி.மீ. கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில் 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்கள் இன்றும் பல நாடுகளில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகின்றன. சென்னை ஐஐடி வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

அடிபடுவது நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அங்கே இருக்கும் கட்டியை, அடிபட்ட பிறகுதான் நாம் தொட்டுப் பார்க்கிறோம். நோயால் மெலிந்துபோன எலும்பு, சின்ன அடியிலேயே உடைந்துவிடுவதும் உண்டு. "இவ்வளவு சின்ன அடிக்கா எலும்பு முறிஞ்சுச்சு?" என்ற சந்தேகம் வந்தால் அதை மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

முதுமையில் ஏன் திரும்ப உயர்கிறது?

இங்கே காரணம் வளர்ச்சி இல்லை, தேய்மானம். பல பத்தாண்டுகளாகச் செல்களில் சேர்ந்த மரபணுப் பிழைகள், அவற்றைச் சரிசெய்யும் திறன் குறைவது, நோய் எதிர்ப்பு சக்தி தளர்வது எல்லாம் சேர்கின்றன. அதனால் முதியவர்களின் சர்கோமா செல்களில் ஒரே ஒரு தெளிவான பிழைக்குப் பதிலாக, தாறுமாறாகக் குழம்பிய குரோமோசோம்களே அதிகம் தென்படுகின்றன.

இதோடு சில குறிப்பிட்ட காரணங்களும் உண்டு. முன்பு வேறொரு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த இடத்தில், பல வருடங்கள் கழித்து மிகச் சிலருக்கு சர்கோமா வரலாம். கதிர்வீச்சால் காப்பாற்றப்படுபவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு பெரிது. எனவே பயந்து சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் அந்த இடத்தில் புதிதாகக் கட்டி வந்தால் அலட்சியம் கூடாது.

கை, காலில் நிணநீர் தேங்கிப் பல வருடங்களாக வீக்கம் இருப்பவர்களுக்கு ஆஞ்சியோசர்கோமா மிக அரிதாக வருவதும் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிய பெண்களிடம் இது 1948-லேயே கவனிக்கப்பட்டது. யானைக்கால் நோய் இருந்துவந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பழைய வீக்கத்தோடு வாழும் முதியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் காலில் ஊதா நிறத்தில் திட்டோ, ரத்தக் கட்டு போன்ற புடைப்போ, ஆறாத புண்ணோ வந்தால், 'பழைய கால்தானே' என்று விட்டுவிடாமல் காட்டவேண்டும்.

பரம்பரையாக வருமா?

பெரும்பாலும் இல்லை. சில குடும்பங்களில் மட்டும் உண்டு. டிபி53 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழை இருக்கும் லி-ஃப்ராமெனி பாதிப்பில், ஒரே குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே சர்கோமா, மார்பகம், மூளைப் புற்றுநோய்கள் வரும். இதை ஃப்ரெடரிக் லி, ஜோசப் ஃப்ராமெனி என்ற இரு மருத்துவர்கள் 1969-ல் விவரித்தார்கள். குழந்தைப் பருவத்தில் பரம்பரை வகைக் கண் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கும் பின்னாளில் ஆஸ்டியோசர்கோமா அபாயம் கூடுதல்.

"சொந்தத்துல கல்யாணம் பண்ணதால வந்துச்சா?" என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். லி-ஃப்ராமெனிக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பிழையான மரபணு வந்தாலே போதும். உறவில் திருமணம் அதற்குக் காரணமில்லை. இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டுமே ஏற்படும் வேறு சில மிக அரிய பாதிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். குடும்பத்தில் 45 வயதுக்குள் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால், மரபணு ஆலோசனை பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கலாம்.

கடலூருக்கு என்ன கணக்கு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். உலக அளவில் ஆஸ்டியோசர்கோமா ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் 3 முதல் 4 பேருக்கு வருகிறது. அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், மாவட்டம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 பேர். இது நோயாளிகளை எண்ணிய கணக்கு இல்லை, ஒரு தோராயம் மட்டும்.

இந்தத் தோராயமே ஒரு விஷயத்தைப் புரியவைக்கும். மாவட்டத்தில் ஒரு வருடத்தில் முழங்கால் வலியோடு வரும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் இந்த 8, 10 பேர் காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பண்ருட்டி, நெய்வேலி என்று சிதறிக் கிடப்பார்கள். ஒரு சிறிய கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு பேரைத்தான் பார்ப்பார், சிலர் ஒருவரைக்கூடப் பார்க்க மாட்டார்கள். சர்கோமா தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்த அரிதான தன்மையே பெரிய காரணம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் சர்கோமா நோயாளிகள், மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இளையவர்களாகத் தெரியலாம். 'நம்ம ஊருல சின்ன வயசுலயே வருது' என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. நம் மக்கள்தொகையில் இளைஞர்கள் அதிகம், அதனால் வரிசையில் நிற்பவர்களிலும் அவர்கள் அதிகம். ஆனால் தமிழ்நாட்டில் இந்த நிலை வேகமாக மாறுகிறது. 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீட்டில் நாடு முழுவதும் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.1 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம். வரும் வருடங்களில் இங்கே கூடப்போவது முதியவர்களின் சர்கோமாதான்.

சிப்காட் காரணமா?

கடலூரில் புற்றுநோய் பற்றிப் பேசினால் சிப்காட் தொழிற்பேட்டை பற்றிய பேச்சு வராமல் இருக்காது. அங்கிருக்கும் கிராம மக்களின் கவலை நியாயமானது. நீரி எனப்படும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை 2008-ல் செய்தியானபோது, 'புற்றுநோய் அபாயம் 2,000 மடங்கு' என்ற வரி பரவலாகப் பேசப்பட்டது. அது காற்றில் இருந்த ரசாயனங்களை வைத்துக் கணித்த அபாய மதிப்பீடு. சர்கோமாவைத் தனியாகச் சொன்னதும் இல்லை.

சர்கோமா வகைகளில் தொழிற்சாலை ரசாயனத்தோடு உறுதியாக இணைக்கப்பட்டது ஒன்று உண்டு. அது வினைல் குளோரைடு வாயுவால் கல்லீரலில் வரும் ஆஞ்சியோசர்கோமா. பிவிசி பிளாஸ்டிக்குக்கு இதுதான் மூலப்பொருள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பிவிசி ஆலையின் தொழிலாளர்கள் சிலருக்கு இந்த மிக அரிய நோய் வந்தது 1974-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் தொழிலாளர்கள் சுவாசிக்கும் வாயுவின் அளவுக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. பல வருடங்கள் அதிக அளவில் சுவாசித்தவர்களுக்குத்தான் அது வந்தது. முழு பிவிசி பைப்பைக் கையில் தொடுவதால் வருவதில்லை.

எனவே ஒரு மாணவனுக்கு ஆஸ்டியோசர்கோமா வந்தால் 'சிப்காட்தான் காரணம்' என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அதற்காக ஆலைப் பகுதி மக்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டாம் என்றும் ஆகிவிடாது. எந்த ஊரில், எந்த வயதில், எந்த வகை என்று பதிவாகும்போதுதான் இந்தக் கேள்விக்கு ஊகமில்லாத பதில் கிடைக்கும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு அதனால்தான் முக்கியமாகிறது.

தாமதம் எங்கே நடக்கிறது?

சர்கோமாவுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு இருப்பதுபோல் முன்கூட்டியே கண்டறியும் பொதுப் பரிசோதனை எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனை 'பேக்கேஜ்'களிலும் இது தெரியாது. அறிகுறியைக் கவனிப்பது ஒன்றே வழி. அதில் மூன்று இடங்களில் நேரம் போகிறது.

முதலாவது, எண்ணெய் போட்டு நீவுவதும் கட்டுப் போடுவதும். சுளுக்கு என்று நினைத்து நீவிவிடுவது நம் பழக்கம். எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் வீங்கிய இடத்தை அழுத்தி நீவுவதும், இறுக்கிக் கட்டுவதும் வாரங்களைக் கடத்திவிடும். கட்டி இருக்கும் இடத்தை அழுத்தித் தேய்ப்பது நல்லதல்ல என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

இரண்டாவது, வலி மாத்திரை. மாத்திரை போட்டால் வலி குறையும், பிறகு திரும்பும். மாத்திரைக்குக் கேட்டது என்பதாலேயே அது சாதாரண வலி ஆகிவிடாது.

மூன்றாவது, அவசர அறுவை. 'சின்னக் கட்டிதானே, எடுத்துடலாம்' என்று ஸ்கேனும் பயாப்ஸியும் இல்லாமல் வெட்டி எடுப்பது. எடுத்த பிறகு அது சர்கோமா என்று தெரிந்தால், மிச்சம் இருக்கும் செல்களோடு அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி பெரிதாக அறுக்க வேண்டிவரும்.

"ஊசி குத்தினா பரவிடும்" என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ஊசி சரியான இடத்தில் போனால் பயப்பட வேண்டியதில்லை. ஊசி சென்ற பாதையையும் அறுவையின்போது சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால் பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவே பயாப்ஸியைத் திட்டமிடுவது நல்லது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பிள்ளைகளுக்கும் டீன் ஏஜினருக்கும்:

• ஒரே இடத்தில், ஒரே பக்கம், இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, நாளுக்கு நாள் கூடும் வலி
• ஓய்வில் இருக்கும்போதும், இரவிலும் விடாத வலி
• முழங்கால், தோள் அருகே வீக்கம், காரணமில்லாமல் நொண்டி நடப்பது

சின்னப் பிள்ளைகளுக்கு வரும் 'வளர்ச்சி வலி'யும் இரவில்தான் வரும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும், காலையில் போய்விடும், மறுநாள் பிள்ளை வழக்கம்போல ஓடும். வீக்கமும் இருக்காது.

பெரியவர்களுக்கும் முதியவர்களுக்கும்:

• நல்ல எலுமிச்சம்பழ அளவை எட்டிய, அதாவது 5 செ.மீ.யை நெருங்கும் கட்டி
• அளவு எதுவானாலும் வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டி
• தோலுக்கு அடியில் நழுவாமல், ஆழத்தில் தசையோடு ஒட்டியிருப்பது போன்ற கட்டி
• எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த கட்டி

கவனிக்க: வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. மென்திசு சர்கோமா பல நேரம் வலிக்கவே வலிக்காது.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, பெற்றோரை ஊரில் விட்டிருப்பவர்கள் போனில் கேட்க ஒரு எளிய கேள்வி உண்டு: "தீபாவளிக்கு எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்கு?" பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வைத்து மாதம் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லலாம். வளர்கிறது என்று தெரிந்தால் அடுத்த போட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?

முதல் படி எளிது. எலும்பு வலிக்கு எக்ஸ்-ரே, மென்திசுக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் காமராஜ் அரசு மருத்துவமனை போன்ற இடங்களிலேயே தொடங்கலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது, 2021-ல் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டு, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்குகிறது.

எக்ஸ்-ரேயிலோ ஸ்கேனிலோ சந்தேகம் வந்தால் அடுத்த கட்டம் எம்ஆர்ஐ, பயாப்ஸி, நுரையீரலுக்கு சிடி ஸ்கேன். சர்கோமா முதலில் பரவுவது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான். இந்தக் கட்டத்தில் எலும்பு அறுவை, கீமோ, கதிர்வீச்சு, நோயியல் நிபுணர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் மையமே பாதுகாப்பு. கடலூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது.

செலவுக்கு: ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்பதை அங்குள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரிலோ 104 எண்ணிலோ முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சிகிச்சையிலும் வயது பேசுமா?

பேசும். 1970-களுக்கு முன் ஆஸ்டியோசர்கோமா என்றால் காலை எடுப்பதுதான் சிகிச்சை. எடுத்த பிறகும் ஐந்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. கீமோ மருந்துகள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. பரவுவதற்கு முன் கண்டுபிடித்து முழு சிகிச்சை எடுத்தால், நல்ல மையங்களில் 60 முதல் 70 சதவீதம் பேர் நீண்டகாலம் வாழ்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவிவிட்டால் இந்த எண் பாதிக்கும் கீழே போகிறது. எக்ஸ்-ரேயை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

காலை எடுக்காமல் நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றி, உலோகத்தாலான பெரிய செயற்கை எலும்பு பொருத்தும் அறுவை இன்று பலருக்குச் சாத்தியம். இந்தியாவில் இதன் முன்னோடிகளில் ஒருவர், சென்னையைச் சேர்ந்த எலும்புப் புற்றுநோய் அறுவை நிபுணர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றவர். வளரும் பிள்ளைகளுக்கு, வளர வளர நீட்டிக்கொள்ளும் வகைச் செயற்கை எலும்புகளும் உண்டு.

வயதானவர்களுக்கு அதே கீமோவை அதே அளவில் கொடுக்க இதயமும் சிறுநீரகமும் இடம்கொடுப்பதில்லை. ஆஸ்டியோசர்கோமாவுக்கான முக்கியமான பன்னாட்டு ஆய்வே 40 வயது வரையிலானவர்களை மட்டும்தான் சேர்த்தது. 65 வயதில் எந்த அளவு மருந்து சரி என்பதை மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. அறுவையும் கதிர்வீச்சுமே அங்கே பிரதானம்.

இடையில் சிக்குபவர்கள் 15 முதல் 30 வயதினர். குழந்தைகள் வார்டுக்குப் பெரியவர்கள், பெரியவர்கள் வார்டுக்குச் சின்னவர்கள். கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு என்று எல்லாம் ஓடும் நேரத்தில் மாதக்கணக்கில் கீமோ. சில மருந்துகள் குழந்தைப்பேறு வாய்ப்பைப் பாதிக்கும். விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றி கீமோ தொடங்கும் முன்பே பேச வேண்டும். கூச்சப்பட்டு யாரும் கேட்காமல் விடும் கேள்வி இது. தொடங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

சுருக்கமாக

சர்கோமா எந்த வயதிலும் வரலாம். ஆனால் ஒவ்வொரு வயதுக்கும் வெவ்வேறு வகை, வெவ்வேறு இடம். 15 வயதில் முழங்கால் எலும்பு, 30-ல் மூட்டருகே மெதுவாக வளரும் கட்டி, 65-ல் தொடையின் ஆழத்தில் வலிக்காத கட்டி. மூன்றுமே பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணத்தால்தான் வந்திருக்கும். அதை உறுதி செய்ய ஒரு எக்ஸ்-ரேயோ ஒரு ஸ்கேனோ போதும். அதை எடுக்காமல் நீவுவதும், வெட்டி எடுப்பதும், அடுத்த பண்டிகை வரை பொறுத்துப் பார்ப்பதும்தான் ஆபத்து.